லைட் விட்டு விட்டு எரிந்தால் ‘லோ வோல்டேஜ்’ தானா?



நம் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் மாதம் ஒரு முறையாவது வரும் கேள்வி இது: “எங்க வீட்டுல லைட் விட்டு விட்டு எரியுது, உங்களுக்கும் அப்படியா?” ஐந்து நிமிடத்தில் யாராவது ஒருவர் பதில் போட்டுவிடுவார்: “லோ வோல்டேஜ் சார். கொஞ்ச நேரத்தில் சரியாயிடும்.” அத்துடன் பேச்சு முடிந்துவிடும்.

பதில் சொல்பவர்கள் பெரும்பாலும் என் வயதுக்காரர்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். அது நாற்பது ஆண்டு அனுபவத்தில் வந்த பதில், ஒரு காலத்தில் சரியான பதிலும்கூட. ஆனால் இடையில் விளக்கு மாறிவிட்டது, மின்சாரம் வரும் விதமும் மாறிவிட்டது. நம் பதில் மட்டும் மாறவில்லை. இன்று லைட் சிமிட்டினால் காரணம் பல நேரங்களில் நம் சுவருக்குள்ளோ கீழே மீட்டர் அறையிலோதான் இருக்கிறது. அதை லோ வோல்டேஜ் என்று விட்டுவிடுவதில் ஆபத்து உண்டு.

நான் பி.காம். படித்து வங்கியில் கணக்கு எழுதியவன். ஒயரைத் தொடும் வேலையை எலெக்ட்ரீஷியனுக்கே விட்டுவிடுகிறேன். இந்த மாற்றம் எப்படி நடந்தது என்ற வரலாற்றை மட்டும் சொல்கிறேன். வரலாறு தெரிந்தால், எப்போது பொறுத்துக்கொள்ளலாம், எப்போது உடனே மெயினை அணைக்க வேண்டும் என்பது தானே விளங்கும்.

50 என்ற எண் எங்கிருந்து வந்தது?

மின் விளக்கு பிறந்த நாள் முதல் சிமிட்டலும் கூடவே இருக்கிறது. முதலில் வந்தவை ஆர்க் விளக்குகள். இரண்டு கரித்துண்டுகளின் நுனிகளுக்கு நடுவே மின்பொறி தொடர்ந்து நின்று ஒளி தரும். கரி எரிந்து இடைவெளி கூடும்போது வெளிச்சம் தடுமாறும். தெருவுக்கும் ரயில் நிலையத்துக்கும் அது போதும், வீட்டுக்கு ஒத்துவராது. 1879-இல் எடிசன் கரி இழை பல்பைச் செய்துகாட்டினார். 1882-இல் நியூயார்க் பெர்ல் தெருவில் அவருடைய மின்நிலையம் 110 வோல்ட் டி.சி. மின்சாரம் கொடுக்கத் தொடங்கியது.

டி.சி. ஒரே திசையில் ஓடும், தொலைதூரம் கொண்டுபோவது அன்று கடினம். அதனால் ஏ.சி. வந்தது. ஏ.சி. திசை மாறி மாறி ஓடுவது. ஒவ்வொரு முறை திசை மாறும்போதும் ஒரு கணம் பூஜ்யத்தைத் தொட்டுவிட்டு வரும். நொடிக்கு 50 சுழற்சி என்றால் வெளிச்சம் நொடிக்கு 100 முறை ஏறி இறங்க வேண்டும். குண்டு பல்பில் இழை ஆறுவதற்குள் அடுத்த ஏற்றம் வந்துவிடுவதால் நமக்கு அது தெரிவதில்லை. சுழற்சி குறைவாக இருந்தால் தெரியும்.

1891-இல் ஜெர்மனியில் லாஃபன் என்ற ஊரிலிருந்து ஃபிராங்க்ஃபர்ட் பொருட்காட்சிக்குச் சுமார் 175 கி.மீ. தூரம் ஏ.சி. மின்சாரம் கொண்டுவந்து காட்டினார்கள். அது 40 சுழற்சி. பல்புகள் துடிப்பது கண்ணுக்குத் தெரிந்தது. அந்தத் துடிப்பைத் தவிர்க்க ஏ.ஈ.ஜி. நிறுவனம் 50 சுழற்சிக்கு உயர்ந்தது. ஐரோப்பாவின் பெரும்பகுதியும், பின்னர் நம் நாடும் அதையே எடுத்துக்கொண்டன. அமெரிக்கா 60-க்குப் போனது. உங்கள் மிக்ஸியின் அடியில் ‘50 ஹெர்ட்ஸ்’ என்று போட்டிருக்கிறதே, அந்த எண் வந்ததற்கு ஒரு முக்கியக் காரணம் பல்பின் சிமிட்டல்தான்.

நம் பக்கத்திலும் இதற்கு ஓர் உதாரணம் உண்டு. காவிரியின் சிவசமுத்திரம் அருவியில் 1902-இல் மைசூர் சமஸ்தானம் தொடங்கிய மின்நிலையம், கோலார் தங்க வயலின் இயந்திரங்களுக்காக 25 சுழற்சியில் மின்சாரம் கொடுத்தது. பெரிய மோட்டார்களுக்கு அது தோது, விளக்குக்கு அவ்வளவு தோதில்லை. அந்த 25 சுழற்சி முறை பிற்காலத்தில் கைவிடப்பட்டு அங்கும் 50 ஆனது.

மதராஸின் மின்சாரம்

சென்னையில் மின்சாரம் முதலில் ஓட்டியது டிராமை. 1895-இல் இங்கே ஓடியதுதான் இந்தியாவின் முதல் மின்சார டிராம். பிறகு மதராஸ் எலெக்ட்ரிக் சப்ளை கார்ப்பரேஷன் என்ற தனியார் நிறுவனம் பேசின் பிரிட்ஜ் மின்நிலையத்திலிருந்து நகரத்துக்கு விளக்கு கொடுத்தது. 1932-இல் நீலகிரியில் பைக்காரா, 1937-இல் மேட்டூர், 1944-இல் பாபநாசம் என்று நீர்மின் நிலையங்கள் வந்தன. 1947-இல் நகரத்து நிறுவனத்தை அரசு எடுத்துக்கொண்டது. 1957 ஜூலை 1 அன்று மின் வாரியம் பிறந்தது.

அதற்கு முந்தைய ஆண்டில் வந்த இந்திய மின்சார விதிகள், வீட்டுக்கு வரும் வோல்டேஜ் சொல்லப்பட்ட அளவிலிருந்து 6 சதவீதத்துக்கு மேல் கூடவோ குறையவோ கூடாது என்றன. 230 வோல்ட் என்றால் 216-க்குக் கீழே போகக்கூடாது, 244-க்கு மேலே போகக்கூடாது. காகிதத்தில் அப்படி. நடந்தது வேறு. கிராமம் கிராமமாக லைன் நீண்டது, பம்ப் செட்டுகள் பெருகின, நகரத்தில் வீடுகள் பெருகின. லைனின் கடைசியில் இருப்பவருக்கு வந்து சேரும்போது வோல்டேஜ் இளைத்துப்போயிருக்கும். மாலை ஏழு மணிக்கு ஸ்டெபிலைசரின் முள் 180-க்குப் பக்கத்தில் ஆடுவதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம்.

குண்டு பல்பு இந்த இளைப்பை அப்படியே காட்டிக்கொடுத்துவிடும். வோல்டேஜ் 10 சதவீதம் குறைந்தால் அதன் வெளிச்சம் ஏறக்குறைய 30 சதவீதம் குறையும். பக்கத்து வீட்டில் மோட்டார் போட்டால் நம் வீட்டில் பல்பு மங்கியது அதனால்தான்.

டியூப்லைட் காலம்

டியூப்லைட் 1938-இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. நம் ஊரில் என் தலைமுறை வளர்ந்ததும் படித்ததும் வேலை பார்த்ததும் அதன் கீழேதான். ஸ்டார்ட்டருக்குள் இருக்கும் சிறிய உலோகத் தகடு சூட்டில் வளைந்து ஒட்டி, ஆறியதும் பிரியும். பிரியும் கணத்தில் சோக் ஒரு வோல்டேஜ் உதை கொடுக்கும், டியூப் பற்றிக்கொள்ளும். வோல்டேஜ் குறைவாக இருந்தால் ஓர் உதை போதாது. ‘டிக், டிக்’ என்று பல முறை சிமிட்டிவிட்டுத்தான் எரியும். தாமதமாகப் புரிந்துகொள்பவரை ‘டியூப்லைட்’ என்று கேலி செய்யும் வழக்கம் வந்தது இதனால்தான்.

எரியத் தொடங்கிய பிறகும் அது உள்ளுக்குள் நொடிக்கு 100 முறை துடித்துக்கொண்டுதான் இருந்தது. கண் அதைக் கவனிப்பதில்லை, ஆனால் உடம்பு கவனிக்கிறது. பிரிட்டனில் அர்னால்ட் வில்கின்ஸ் குழுவினர் 1989-இல் வெளியிட்ட ஆய்வு இதைக் காட்டியது. ஓர் அலுவலகத்தில் சாதாரண சோக்குக்குப் பதிலாக மிக வேகமாகத் துடிக்கும் எலெக்ட்ரானிக் சோக் போட்டபோது, தலைவலியும் கண் சோர்வும் சராசரியாகப் பாதிக்கும் கீழே குறைந்தன. அரையாண்டுக் கணக்கு முடிக்கும் இரவுகளில் டியூப்லைட்டின் கீழே லெட்ஜரைக் கூட்டிக் கூட்டித் தலைவலி வந்த எங்களுக்கு, கணக்கு மட்டுமல்ல, விளக்கும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம் என்று இப்போது படிக்கும்போது தோன்றுகிறது.

தட்டுப்பாடு கூடக்கூட வோல்டேஜ் மட்டுமல்ல, சுழற்சியும் இறங்கியது. 1990-களில் தென்மாநில மின்தொகுப்பு 50-க்குப் பதில் 48-க்கு அருகே தள்ளாடிய நாட்கள் பல. 2012 வாக்கில் சென்னையில் தினம் இரண்டு மணி நேரம், வெளியூர்களில் அதைவிடப் பல மடங்கு என்று மின்வெட்டு இருந்தது உங்களுக்கு நினைவிருக்கும்.

இந்த ஆண்டுகளில் நாம் கற்றுக்கொண்ட பாடம் ஒன்றுதான்: லைட் மங்கினால் கோளாறு எங்கோ வெளியே இருக்கிறது, நம்மால் செய்யக்கூடியது எதுவும் இல்லை, காத்திருக்க வேண்டும். அன்று அது பொருத்தமான பாடம்தான்.

எப்போது மாறியது?

தென்மாநிலங்களில் 2003 ஜனவரியில் ஒரு புதிய கட்டண முறை வந்தது. தொகுப்பில் சுழற்சி குறைந்திருக்கும் நேரத்தில் அளவுக்கு மேல் மின்சாரம் இழுக்கும் மாநிலம் அதிக விலை கொடுக்க வேண்டும் என்பது அதன் சாரம். சுழற்சி சீரடையத் தொடங்கியது. 2013 டிசம்பர் 31 அன்று ராய்ச்சூர் – சோலாப்பூர் 765 கி.வோ. லைன் வழியாகத் தென்மாநிலத் தொகுப்பு நாட்டின் மற்றத் தொகுப்புகளோடு இணைந்தது. அடுத்த ஆண்டு முதல் 49.90-க்கும் 50.05-க்கும் இடையில் சுழற்சியை வைத்திருக்க வேண்டும் என்று விதி இறுகியது.

அதே நேரத்தில் விளக்கும் மாறியது. நீல நிற எல்.இ.டி.-யைக் கண்டுபிடித்த அகாசாகி, அமானோ, நகாமுரா மூவருக்கும் 2014-இல் நோபல் பரிசு கிடைத்தது. வெள்ளை எல்.இ.டி. விளக்குக்கு அதுவே அடிப்படை. 2015 ஜனவரியில் மத்திய அரசு உஜாலா திட்டத்தைத் தொடங்கியது. அதில் மட்டும் 36 கோடிக்கும் மேற்பட்ட பல்புகள் வீடுகளுக்குப் போயின.

எல்.இ.டி. பல்புக்குள் ‘டிரைவர்’ என்ற சிறிய மின்சுற்று இருக்கிறது. நல்ல டிரைவர் உள்ள பல்பு, வோல்டேஜ் ஓரளவு ஏறினாலும் இறங்கினாலும் ஒரே அளவு வெளிச்சம் தரும். குண்டு பல்பு காட்டிக்கொடுத்த சின்னச் சின்ன லோ வோல்டேஜை எல்.இ.டி. மறைத்துவிடுகிறது. அப்படிப்பட்ட பல்பே சிமிட்டுகிறது என்றால் காரணத்தைக் கொஞ்சம் கிட்டத்தில் தேட வேண்டும் என்று அர்த்தம்.

எங்கே சிமிட்டுகிறது என்று பாருங்கள்

ஒரே ஒரு பல்பு மட்டும் சிமிட்டினால், பல்பை மாற்றிப் பாருங்கள். பெரும்பாலும் அதன் டிரைவர் சூட்டில் கெட்டிருக்கும். காற்றோட்டம் இல்லாத மூடிய கிண்ண விளக்குக்குள் போட்ட பல்பு சீக்கிரம் இப்படிப் போகும். புதுப் பல்பும் சிமிட்டினால் ஹோல்டரோ ஸ்விட்சோ தளர்ந்திருக்கிறது.

ஸ்விட்சை அணைத்த பிறகும் எல்.இ.டி. மினுக் மினுக்கென்று எரிகிறதா? ஸ்விட்சில் இருக்கும் சின்ன இண்டிகேட்டர் விளக்கு வழியாகக் கசியும் மிகச் சிறிய மின்சாரம் அதற்குப் போதும். அல்லது, ஸ்விட்ச் ஃபேஸ் ஒயரில் இல்லாமல் நியூட்ரல் ஒயரில் போடப்பட்டிருக்கலாம். இரண்டாவது என்றால், அணைத்த பிறகும் ஹோல்டரில் மின்சாரம் இருக்கும். எலெக்ட்ரீஷியனை வைத்துச் சரிசெய்துகொள்ளுங்கள்.

பல்பு எரிவது சாதாரணமாகத் தெரிந்தும் கண் வலிக்கிறதா? கைபேசி கேமராவை பல்புக்குப் பக்கத்தில் பிடித்துப் பாருங்கள். திரையில் கறுப்புப் பட்டைகள் ஓடினால் அது துடிக்கும் பல்பு. பிள்ளைகள் படிக்கும் மேசைக்கு அது வேண்டாம்.

ஓர் அறை முழுவதும் சிமிட்டுகிறது, அதுவும் கீசரோ அயர்ன் பாக்ஸோ போடும்போது சிமிட்டுகிறது என்றால், எங்கோ ஒரு ஸ்க்ரூ தளர்ந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கணக்குப் போட்டுப் பார்ப்போம். தளர்ந்த இணைப்பில் அரை ஓம் மின்தடை இருக்கிறது. கீசர் 10 ஆம்பியர் இழுக்கிறது. 10-ஐ 10-ஆல் பெருக்கி அதில் பாதி: 50 வாட். ரேடியோ ரிப்பேர்காரர் ஈயம் உருக்கும் சால்டரிங் அயர்ன் பெரும்பாலும் 25 வாட்தான். அதைப்போல் இரண்டு மடங்குச் சூடு உங்கள் சுவருக்குள், பிளாஸ்டிக் பெட்டிக்குள், ஒரே புள்ளியில். இதற்கு எம்.சி.பி. விழாது. அளவுக்கு மேல் மின்சாரம் ஓடினால்தான் அது விழும். இங்கே ஓடுவது சரியான அளவுதான், ஓடும் பாதையில்தான் கோளாறு. கருகல் வாடை, ஸ்விட்ச் போர்டில் சூடு, ‘சர்ர்’ என்ற சத்தம் இவற்றில் ஒன்று இருந்தாலும் அந்த லைனை அணைத்துவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள்.

நியூட்ரல் போனால் என்ன ஆகும்?

எல்லாவற்றிலும் ஆபத்தானது இதுதான். வீட்டில் சில லைட்டுகள் மங்க, சில லைட்டுகள் திடீரென்று பளீரென்று எரிந்தால், அல்லது உங்கள் வீட்டில் மங்கும் அதே நேரம் எதிர்வீட்டில் பிரகாசமானால், அது லோ வோல்டேஜ் அல்ல. நியூட்ரல் தளர்ந்திருக்கிறது.

நம் கட்டடத்துக்கு வருவது மூன்று ஃபேஸ், ஒரு நியூட்ரல். வீடுகளை மூன்று ஃபேஸ்களிலும் பிரித்துக் கொடுத்திருக்கிறார்கள். நியூட்ரலைக் கணக்குப் புத்தகத்தில் வித்தியாசத்தைத் தாங்கும் சஸ்பென்ஸ் கணக்கு மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். மூன்று ஃபேஸிலும் செலவு சரிசமமாக இருந்தால் அதில் பெரிதாக ஒன்றும் ஓடாது. சமமில்லாதபோது அந்த வித்தியாசத்தைச் சுமந்துபோய், ஒவ்வொரு வீட்டுக்கும் 230 வோல்ட் மட்டுமே கிடைக்கும்படி காப்பது அதுதான். அது அறுந்தால் கணக்கு டேலி ஆகாது. இரண்டு ஃபேஸ்களுக்கு நடுவே இருக்கும் 400 வோல்டை வீடுகள் தமக்குள் பிரித்துக்கொள்ள வேண்டிவரும்.

இரண்டு வீடுகள் மட்டும் என்று வைத்துக்கொள்வோம். ஒரு வீட்டில் 2,000 வாட் கீசர் ஓடுகிறது. மற்ற வீட்டில் டி.வி.-யும் விளக்குகளும் சேர்த்து 200 வாட். நியூட்ரல் அறுந்தால் கீசர் வீட்டுக்குக் கிடைப்பது சுமார் 36 வோல்ட். டி.வி. வீட்டில் ஏறுவது சுமார் 364 வோல்ட். குறைவாகச் செலவழித்தவருக்குத்தான் அதிக நஷ்டம். டி.வி., ஃபிரிட்ஜ், மோடம் எல்லாம் நிமிடங்களில் போய்விடும். சாதாரண எம்.சி.பி.-யோ, ஷாக் அடிக்காமல் காக்கும் ஆர்.சி.சி.பி.-யோ இதைத் தடுப்பதற்கென்று வைக்கப்பட்டவை அல்ல. நியூட்ரல் பெரும்பாலும் ஒரே நாளில் அறுவதில்லை. தளர்ந்து, கருகி, அப்புறம்தான் அறும். அந்த இடைக்காலத்தில் அது நமக்குக் கொடுக்கும் எச்சரிக்கை இந்தச் சிமிட்டல் ஒன்றுதான்.

ஆகவே மங்குவதும் பளீரென்று எரிவதும் சேர்ந்து வந்தால் வேறு எதையும் யோசிக்காமல் மெயின் ஸ்விட்சை அணையுங்கள். பிறகு குழுவில் செய்தி போடுங்கள். மற்றவர்களும் அணைக்கட்டும்.

யாரைக் கூப்பிடுவது?

பொதுவாக, மீட்டர் வரை மின் வாரியத்தின் பொறுப்பு, மீட்டரிலிருந்து நம் வீடு வரை நம் பொறுப்பு. தெருவே சிமிட்டினால், அல்லது கட்டடம் முழுவதும் சிமிட்டினால் வாரியத்துக்குச் சொல்ல வேண்டும். 2021-இல் தொடங்கிய ‘மின்னகம்’ சேவை இரவு பகல் இயங்குகிறது. புகார் எண்ணைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். உங்கள் வீடு மட்டும் என்றால் உரிமம் பெற்ற எலெக்ட்ரீஷியன் வர வேண்டும். டெஸ்டரை மட்டும் வைத்துக்கொண்டு பேனலைத் திறக்கும் வீரம் வேண்டாம். தளர்ந்த நியூட்ரல் டெஸ்டரில் சரியாகத் தெரியாது.

இரண்டுக்கும் நடுவில் யாரும் சொந்தம் கொண்டாடாத இடம் ஒன்று இருக்கிறது. அதுதான் நம் மீட்டர் அறையின் பேனல் போர்டு. அங்கே ஒவ்வொரு இணைப்பும் ஏறும் சூட்டிலும் இறங்கும் சூட்டிலும் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்கிறது. அலுமினியக் கேபிள் என்றால் இன்னும் சீக்கிரம். அதைத் தட்டுப்பாட்டுக் காலத்தில் இரண்டு விளக்கு, ஒரு மின்விசிறி என்று இருந்த வீடுகள் தாங்கின. இன்று வீட்டுக்கு இரண்டு ஏ.சி., ஒரு கீசர், ஓர் இண்டக்‌ஷன் அடுப்பு, கீழே சிலருக்கு மின்சார ஸ்கூட்டர் சார்ஜர் என்று சுமை கூடியிருக்கிறது. ஸ்க்ரூக்கள் மட்டும் கட்டடம் கட்டிய நாளில் இறுக்கியவைதான்.

லிஃப்டுக்கு ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம் போட்டிருக்கிறோம். தண்ணீர்த் தொட்டியை ஆள் வைத்துக் கழுவுகிறோம். பேனல் போர்டுக்கு அப்படி எதுவும் இல்லை. ஆண்டுக்கு ஒரு முறை, சித்திரை வெயிலில் ஏ.சி.-க்கள் முழு வேகத்தில் ஓடத் தொடங்குவதற்கு முன்பு, உரிமம் பெற்ற ஒப்பந்ததாரரை வைத்து எல்லா இணைப்புகளையும், முக்கியமாக நியூட்ரல் இணைப்புகளை, இறுக்கிச் சோதிக்க வேண்டும். மூன்று ஃபேஸிலும் சுமை சமமாக இருக்கிறதா என்று அளந்து ஏட்டில் எழுத வேண்டும். இதை வரும் பொதுக்குழுவில் தீர்மானமாகக் கொண்டுவர இருக்கிறேன். வீட்டுக்கு வரும் பங்கு ஒரு டி.வி.-யின் விலையில் சிறு துளியாகத்தான் இருக்கும். தனியாக இருக்கும் பெரியவர்கள் நம் குடியிருப்பில் பலர். இரவில் அவர்கள் வீட்டில் லைட் சிமிட்டினால் எழுந்து பார்க்க வேறு ஆள் இல்லை. அவர்களுக்காகவாவது ஆதரவு தாருங்கள்.

கூட்டம் நடக்கும்வரை, உங்கள் வீட்டு மெயின் ஸ்விட்ச் எங்கே இருக்கிறது, எந்தப் பக்கம் தள்ளினால் அணையும் என்பதை வீட்டில் இருக்கும் எல்லோருக்கும் இன்றே காட்டிவையுங்கள்.